அடுத்த வீட்டு முற்றத்து வழி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர் இங்கிலாந்தில் ஒரு வீட்டை விற்றுப் பார்த்தவர் அல்லர். பார்த்திருந்தால் கல்யாணத்தை விட்டுவிட்டு இதைச் சேர்த்திருப்பார். இந்த நாட்டில் ஒருவன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லி, விலையையும் ஒத்துக்கொண்டு, கையைக் குலுக்கிவிட்டுப் போனால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒப்பந்தத்தைக் கைமாற்றும் நாள் வரை விற்கிறவரும் நழுவலாம், வாங்குகிறவரும் நழுவலாம். நழுவும்போது "மன்னிக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கழுத்தறுப்பது இந்த ஜனங்களுக்குக் கைவந்த கலை.

கிளெண்டா சக்டன் இதில் சேர்த்தி இல்லை. அவள் கழுத்தை அறுத்தாலும் மன்னிப்புக் கேட்க மாட்டாள்.

யார்க்‌ஷயரில், கார்ஸ்வொர்த் என்ற மலைச்சரிவு ஊரின் நகராட்சியில், கண்ட இடத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அபராதம் போடும் பிரிவைக் கட்டி ஆண்டவள் அவள். பிரசவ வலியில் துடித்த மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வந்தவனுக்கு அபராதம். தேவாலய வாசலில் நின்ற சவ வண்டிக்கும் அபராதம். அவள் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் பெரிய கேக்காக வாங்கி வெட்டினார்கள். தன் மேல் உள்ள பிரியத்தால் வெட்டுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். போகிறாளே என்ற சந்தோஷத்தில் வெட்டினார்கள்.

இப்போது அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஃபைலி கடற்கரையில், மாடிப்படியே இல்லாத, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற ஒரு சின்ன வீடு. கார்ஸ்வொர்த்தின் ஏற்றத்தில் ஏறி இறங்கி அவள் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. வீட்டைப் பார்த்துவிட்டாள், விலையும் பேசிவிட்டாள். ஆனால் இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. விற்காவிட்டால் ஃபைலி வேறு எவனுக்கோ போய்விடும்.

கணவன் ராய் ஒரு உப்புக்குச் சப்பாணி. அப்படித்தான் அவள் கணக்கு. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவன். ஓடி வருகிற பயணிக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்து, அதற்காக மேலதிகாரியிடம் வசவு வாங்கி, வசவு முடிந்ததும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிற ரகம். "ஃபைலிக்குப் போறோம்" என்று கிளெண்டா அறிவித்த அன்று செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "ஓ, அப்படியா" என்றான். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மாட்டிடம் கேட்டுக்கொண்டா வண்டியைப் பூட்டுகிறோம்?

வீடு விற்கும் தரகன் கூர்மூக்குச் செருப்பு போட்ட ஒரு பொடியன். நிலவறையைப் பார்த்து, "இது பல விதமா பயன்படக்கூடிய இடம்" என்றான். கரியும் எலியும் தவிர வேறு எதற்கும் அது பயன்பட்டதில்லை. வாங்க வந்தது ஓர் இளம் ஜோடி. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று மூலைக்கு மூலை மூக்கை வைத்து, போலீஸ் நாய் மாதிரி மோப்பம் பிடித்தார்கள். அவர்களிடம் மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்று இருந்தது. அதை நிறுத்தி சார்ஜ் ஏற்ற, வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகைதான் அவர்களை மயக்கியது. "கொட்டகைக்காகத்தான் இந்த வீடு" என்று அந்தப் பெண் வாய்விட்டே சொன்னாள். வாங்குகிற பொருளைக் கடைக்காரனிடமே புகழ்கிற அசடுகள் என்று கிளெண்டாவுக்கு இளக்காரம் வந்தது.

அந்தக் கொட்டகையில்தான் வினை இருந்தது. தெருவிலிருந்து கொட்டகைக்குப் போக அடுத்த வீட்டு நோயல் கிளெட்ஹில்லின் முற்றத்தைக் கடந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது.

நோயல் கல்யாணம் ஆகாதவன். கம்பள ஆலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, அம்மா போனதும் தோட்டத்தில் லீக்ஸ் என்ற வெங்காயத் தாளைப் பார்த்துக்கொண்டு இருப்பவன். பனி கொட்டினாலும் அரைக்கால் சட்டைதான். கிளெண்டா அவன் கால் மேல் கார் ஏற்றினால்கூட, சக்கரத்துக்கு வலித்ததா என்று விசாரிப்பான். முற்றத்தில் அவனுடைய தள்ளுவண்டி குறுக்கே நின்றால் அவள் இறங்க மாட்டாள்; ஹாரனை அழுத்திப் பிடிப்பாள். அவன் முழங்கால் மண்ணோடு ஓடி வந்து, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று தன் முற்றத்திலிருந்து தன் வண்டியையே தள்ளிக்கொண்டு போவான். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். ஒருநாள்கூட அவள் கை அசைத்ததில்லை.

வக்கீல் இமோஜென் டிரான்டர் சின்ன வயதுக்காரி. மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசினாள்.

"மிஸஸ் சக்டன், உங்க பத்திரப்படி அந்த முற்றத்து வழியா நடந்து போக உங்களுக்கு உரிமை இருக்கு. கரி மூட்டையைத் தூக்கிட்டுப் போகக்கூட இருக்கு. கார் போக இல்லை."

"கார் தினமும் போயிட்டுதானே இருக்கு."

"போறது வேற, உரிமை வேற. வாங்கறவங்க வக்கீல் கேக்கறார். நாளைக்கு அந்த மனுஷன் ஒரு கம்பத்தை நட்டு வச்சார்னா கொட்டகைல கோழிதான் வளர்க்கணும்."

"நாங்க வாங்கும்போது எங்க வக்கீல் இதைச் சொல்லவே இல்லையே."

"அவர் இப்போ எங்க இருக்கார்?"

"செத்துட்டார்."

"அடப் பாவமே."

"பாவமெல்லாம் ஒண்ணுமில்ல. இருந்திருந்தா நானே கொன்னிருப்பேன்."

இமோஜென் சிரிக்கலாமா கூடாதா என்று ஒரு கணம் யோசித்து, சிரிக்காமல் தொடர்ந்தாள். "சட்டத்துல ஒரு வழி இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல, பூட்டை உடைச்சு அடாவடி பண்ணாம, ஒளிஞ்சு மறைஞ்சு போகாம, அவர்கிட்ட அனுமதியும் கேக்காம, உங்க சொந்தப் பாதை மாதிரி ஓட்டிட்டுப் போயிருந்தீங்கன்னா, அதுவே உரிமையாயிடும். வாங்கறவங்களுக்கும் சேர்ந்து போயிடும்."

"அனுமதி கேட்டா என்ன?"

"கேட்டா அவர் தயவுல போனதா ஆயிடும். தயவுல போனா நூறு வருஷம் போனாலும் உரிமை வராது. கேட்டிருக்கீங்களா?"

"நானா? அவன்கிட்டயா?"

"நல்லது. நன்றின்னு எப்பவாவது சொல்லி, கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் கொடுத்து..."

"கார்டுகூடப் போட்டதில்ல."

"ரொம்ப நல்லது."

"குறுக்க நின்னா ஹாரன் அடிப்பேன். நகர்ற வரைக்கும் அடிப்பேன்."

"பிரமாதம்!" என்று இமோஜென் எழுதிக்கொண்டாள்.

கிளெண்டாவின் ஹாரனை அதுவரை உலகத்தில் யாரும் பிரமாதம் என்று சொன்னதில்லை. அவளுக்கு உள்ளே என்னவோ மலர்ந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்களே! இத்தனை காலமும் ஊர் தன்னை முசுடு என்று சொன்னது. பார்க்கப்போனால் அவள் தினமும் காலையில் உரிமையைச் சம்பாதித்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள். கேட்டுக் கேட்டுத் தேய்கிறவன் கடைசிவரை அடுத்தவன் தயவில் நிற்பான். கேட்காமல் மிதித்துப் போகிறவனுக்கு மண்ணே சொந்தமாகும். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவனுக்குச் சிலை வைக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு.

"இன்னொண்ணு," என்றாள் இமோஜென். "பின்னாடி யாராவது தகராறு பண்ணினா நஷ்டத்தைக் கட்டறதுக்கு ஒரு இன்சூரன்ஸும் எடுத்துக்கலாம். ஆனா இதைப் பத்தி நோயல்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் கம்பெனிக்காரன் தர மாட்டான். அதனால தயவுசெஞ்சு அவர்கிட்டப் பேசிடாதீங்க."

"பேசாம இருக்கறதுக்கு இன்சூரன்ஸா?"

"ஆமா."

"அதுல எனக்கு ஒரு சிரமமும் இல்ல," என்றாள் கிளெண்டா. அவள் சொன்னதில் பொய் இல்லை.

உறுதிமொழிப் பத்திரம் தயாரானது. எழுதிய வக்கீலே அதற்குச் சாட்சியாக இருக்கக் கூடாதாம். தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்தில் இருக்கும் வேறு ஒரு வக்கீல் முன்னால் கணவனும் மனைவியும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு வக்கீலை இன்னொரு வக்கீல் நம்ப மாட்டான் என்பதில் மட்டும் இந்த ஊரில் எல்லாரும் ஒற்றுமை.

எதிர்க் கட்டடத்தில் இருந்தவர் ஒரு கிழவர். சட்டைப் பித்தான் வரைக்கும் பிஸ்கட் தூள். பத்திரத்தை அவர் சத்தமாகப் படித்தார். "எங்கள் வீட்டார் எவரும் எக்காலத்திலும் மேற்படி நோயல் கிளெட்ஹில்லிடமோ அவர் குடும்பத்தாரிடமோ கார் ஓட்டிச் செல்ல அனுமதி கேட்டதும் இல்லை, பெற்றதும் இல்லை என்று மனமார உறுதி கூறுகிறோம்."

கிளெண்டா கையெழுத்துப் போட்டாள். சண்டையில் ஜெயித்தவள் மாதிரி, பெயருக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தாள். பேனா ராயிடம் போனது. ராய் பேனாவை வாங்கினான், மூடியைத் தேடினான், பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"என்ன, மை இல்லையா?" என்றாள் கிளெண்டா.

"மை இருக்கு. இது உண்மை இல்ல."

கிழவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"எது உண்மை இல்ல?"

"அனுமதி கேக்கலன்னு போட்டிருக்கே. நான் கேட்டிருக்கேன்."

"என்னிக்குக் கேட்ட?"

"வருஷா வருஷம்," என்றான் ராய். "புது வருஷத்தன்னிக்கு."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. வருஷம் பிறந்ததும் கருத்த தலைமுடி உள்ள ஒருவன் கையில் கரித்துண்டோடு முதல் ஆளாக வாசற்படியை மிதித்தால் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க அடுப்பு அணையாது. சிவந்த முடிக்காரன் மிதித்தால் விளங்காது. நோயலின் தலையோ காரட் நிறம். மகன் சொந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தாலே ஆகாது என்று அவன் அம்மா பயப்பட, புதிதாகக் குடிவந்த ராயின் கருகரு தலை அந்தக் கிழவியின் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று தொடங்கியது, கிழவி போன பிறகும் நிற்கவில்லை. ஒவ்வொரு புது வருஷ இரவும் ராய் சிகரெட் பிடிக்க வெளியே போகிறான் என்று கிளெண்டா நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சிகரெட்டை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது என்பதை அவள் கவனிக்கவில்லை.

"உன் தலைதான் பஞ்சா வெளுத்துப் போச்சே! இன்னுமா கரி தூக்கிட்டுப் போற?"

"கருப்புத் தொப்பி போட்டுக்கிட்டுப் போவேன்."

"சரி, கரியைக் கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு வரவேண்டியதுதானே?"

"'நோயல், இந்த வருஷமும் எங்க வண்டி உன் முற்றத்து வழியா போய்க்கட்டுமா?'ன்னு கேப்பேன். 'போய்க்கோ ராய்'னு சொல்லுவான். அப்புறம் ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிப்போம்."

"எதுக்குய்யா கேட்ட? எதுக்குக் கேட்டங்கறேன்!"

ராய்க்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அவன் இடம் கிளெண்டா. கேக்காம எப்படிப் போறது?"

கிளெண்டா கிழவர் பக்கம் திரும்பினாள். "நான் மட்டும் போட்டா செல்லாதா? நான் கேக்கலங்கறது சத்தியம்."

"அம்மா, நீங்க கேக்கலங்கறதை இந்த அஞ்சு நிமிஷத்துல நானே நம்பிட்டேன்," என்றார் கிழவர். "ஆனா வீட்டார் எவரும்னு போட்டிருக்கு. தெரிஞ்சே பொய்ச் சத்தியம் பண்ணினா ஜெயில். இதை நான் பார்க்கலன்னு வச்சுக்கறேன்." பத்திரத்தை மடித்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

இந்தச் சட்டத்தின் அழகைப் பாருங்கள். இருபது வருஷம் அடுத்தவன் முற்றத்தில் முரட்டு மாடு மாதிரி புகுந்து போனவளுக்கு அது பரிசு கொடுக்கத் தயாராக இருந்தது. நடுவில் ஒரே ஒருவன் மனுஷனாக நடந்துகொண்டான், பரிசு போச்சு. பிள்ளைக்குப் பால் வார்க்கும்போதெல்லாம் "தயவுசெய்து சொல்லு, நன்றி சொல்லு" என்று வளர்க்கிற நாடு, சொன்னவன் தலையில் குட்டு வைக்க ஒரு சட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறது. கிளெண்டாவுக்குச் சட்டத்தின் மேல் கோபம் இல்லை. சட்டம் அவள் கட்சி. கோபமெல்லாம் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்த பிள்ளைப்பூச்சியின் மேல்தான்.

இமோஜென் தொலைபேசியில் பெருமூச்சு விட்டாள். "அப்போ அந்த வழி அடைஞ்சுபோச்சு."

"இன்சூரன்ஸ்?"

"பேசியிருக்கக் கூடாதுன்னு சொன்னேனே. உங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் போய், குடிச்சுட்டுப் பேசியிருக்கார்."

"வேற என்னதான் பண்றது?"

"ஒண்ணுதான் இருக்கு. நோயலே மனசு வச்சு, இந்த வீட்ல யார் இருந்தாலும் கார் போகலாம்னு நிரந்தரமா ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கணும். அவர் கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல. கேட்டுப் பாருங்க. வாங்கறவங்க வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். வேற ஒரு வீட்டையும் பார்த்து வச்சிருக்காங்க."

மோப்பம் பிடித்தவர்களின் லட்சணம் இதுதான் என்று கிளெண்டா முணுமுணுத்தாள். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ராய் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"போ. போய்க் கேட்டுட்டு வா. கேக்கறதுதான் உனக்குக் கைவந்ததாச்சே."

ராய் பென்சிலைக் காதில் செருகினான். "நான் கேட்டது போதும், கிளெண்டா."

"என்னது?"

"உனக்காக வருஷா வருஷம் கேட்டாச்சு. இந்தத் தடவை நீ கேளு."

நாற்பத்துச் சொச்ச வருஷத் தாம்பத்தியத்தில், அந்தக் கையெழுத்துக்கு அடுத்தபடியாக அவன் மறுத்துச் சொன்னது இதுதான். கிளெண்டா அரைமணி நேரம் திட்டினாள். கையாலாகாதவன் என்றாள், கும்பிடு போட்டே முதுகு வளைந்தவன் என்றாள், அவன் அம்மாவையும் விடவில்லை. அவன் பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டு, இடையிடையே "ஓ, அப்படியா" என்றான்.

நோயலிடம் கேட்பதாவது! அரைக்கால் சட்டையிடம்! அவள் இரண்டு நாள் ஆறப்போட்டாள். இரண்டு நாளும் கடல் தெரியும் ஜன்னல் கண்ணுக்குள்ளேயே நின்றது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். "நோயல், நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்." அது உத்தரவு மாதிரி இருந்தது. "நோயல், தய..." மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. பல் தேய்த்துவிட்டு மறுபடி முயன்றாள். முள் நகரவில்லை.

புதன்கிழமை காலையில் ராய் வழக்கம்போல் செய்தித்தாள் வாங்கக் கிளம்பினான். வழக்கத்துக்கு மேல் நேரமாகித்தான் திரும்பினான். கிளெண்டாவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அன்று அவள் காரை எடுத்தபோது முற்றத்தின் நடுவில் தள்ளுவண்டி நின்றது. கை தானாக ஹாரனுக்குப் போனது. போன கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். சத்தமே வராததைக் கண்டு பயந்துபோய் நோயல் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"மிஸஸ் சக்டன்! உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ராயைக் கூப்பிடட்டுமா?"

"ஒண்ணும் இல்ல!" என்று அவள் கத்திவிட்டு, முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, "வண்டியை நிதானமா எடுங்க" என்றாள். நோயல் மேலும் பயந்துபோனான்.

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் அவள் நோயலின் கதவைத் தட்டினாள். அந்தக் கதவை அவள் தட்டுவது அதுவே முதல் தடவை. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

சமையலறை சின்னதாக, சுத்தமாக இருந்தது. இரண்டு நாற்காலிகள். அதில் ஒன்றின் திண்டு மட்டும் அமுங்கிக் கிடந்தது. நோயல் மற்றதை அவளுக்கு இழுத்துப் போட்டு, தேநீர் வைத்து, சர்க்கரை எத்தனை என்று கேட்டு, தெரியாமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டான்.

"நாங்க வீட்டை விக்கறோம்," என்றாள் கிளெண்டா.

"பலகை நட்டிருக்கே, பார்த்தேன். நல்ல பலகை."

"கார் போற வழிக்கு உங்க கையெழுத்து வேணும். வக்கீல் செலவெல்லாம் நாங்களே கொடுத்துடறோம். உங்க சிரமத்துக்கும் ஏதாவது வாங்கிக்கோங்க."

"சேச்சே, பணமெல்லாம் எதுக்கு."

"அப்போ போட்டுடறீங்க."

நோயல் தன் கோப்பையைப் பார்த்தான். "அது வந்து... மன்னிக்கணும், மிஸஸ் சக்டன்."

இந்த ஊர்க்காரர்களின் "மன்னிக்கணும்" எத்தனை வகை என்று அவளுக்குத் தெரியும். இது "முடியாது" வகை. முப்பது வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரில் அழுது கெஞ்சியவர்களை ஈ ஓட்டுவது மாதிரி ஓட்டியவள். மேசைக்கு அந்தப் பக்கம் இப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"ஹாரன் விஷயமா மனசுல ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் பழகிப்போச்சு. காலைல அலாரம் வைக்கிற செலவு மிச்சம்."

"இங்க பாருங்க, என் முழங்கால் ரெண்டும் போச்சு. இந்த ஏத்தத்துல என்னால இன்னொரு குளிர்காலம் ஏற முடியாது. அந்த ஃபைலி வீடு கைவிட்டுப் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமே இல்ல." நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு முள்ளைக் கக்கினாள். "தயவு செஞ்சு, நோயல்."

நோயலின் கண் கலங்கிவிட்டது. அவள் அப்படிக் கேட்டது அவனுக்கே வலித்திருக்க வேண்டும்.

"நீங்க திங்கக்கிழமையே வந்து கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன். ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டேன்."

"இப்போ என்ன வந்துச்சு?"

"நேத்துக் காலைல ராய் வந்தான்."

"ராயா? அவன் எதுக்கு வந்தான்? நான்தான் கேக்கணும்னானே."

"அவனும் ஒண்ணு கேக்கத்தான் வந்தான். இந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தான்," என்று அமுங்கிய திண்டைக் காட்டினான் நோயல். "'கிளெண்டா வந்து கையெழுத்துக் கேப்பா. போட்டுடாதே'ன்னு கேட்டுக்கிட்டான்."

கிளெண்டா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ஏன்னு நான் கேக்கல. அவனுக்கு நான் எதையுமே இல்லன்னு சொன்னதில்ல. அவன் முதல்ல கேட்டுட்டான், மிஸஸ் சக்டன். மரியாதையா கேட்டான். நான் சரின்னு சொல்லிட்டேன்." அவன் எழுந்து நின்று, "ரொம்ப மன்னிக்கணும்" என்றான். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அவள் முற்றத்தைக் கடந்து வந்தாள். சமையலறையில் ராய் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியை நிறுத்தவில்லை.

"முதுகுல குத்திட்டியே!" என்றாள். "வர இஷ்டமில்லன்னா வாயைத் திறந்து என்கிட்டச் சொல்றதுக்கு என்ன? ஊர்ல கண்டவன்கிட்டப் போய்க் கெஞ்சத் தெரியுது, கட்டினவகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?"

"நீ கேக்கலியே."

"எதைக் கேக்கல?"

"எதையுமே. ஃபைலிக்குப் போறோம்னு சொன்ன. எனக்குப் பிடிக்குமான்னு கேக்கல. இந்த வீட்டை வாங்கும்போதும் கேக்கல. நானும் பழகிட்டேன்." ஒரு கிழங்கைத் தண்ணீரில் போட்டான். "கையெழுத்துப் போட மாட்டேன்னு அன்னிக்குச் சொன்னேன் பாரு, அப்போதான் எனக்கே தெரிஞ்சது, எனக்குப் போக இஷ்டமில்லன்னு."

"இந்த ஊர்ல உனக்கு அப்படி என்ன கொட்டிக்கிடக்கு? மழையும் ஏத்தமும்!"

"நோயல் இருக்கான். பஸ் டிப்போ ஆளுங்க இருக்காங்க. பேப்பர் கடையில ரெண்டு வார்த்தை பேசலாம்." ராய் கொஞ்சம் தயங்கினான். யாரையும் புண்படுத்திப் பழக்கமில்லாதவன்; சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தான். "அங்க போனா எனக்கு நீ மட்டும்தானே, கிளெண்டா, இருப்ப."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. அந்த வகைப் பதில்கள் அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அலுவலகத்தில் அன்று வெட்டிய கேக் எதற்கு என்று இப்போது திடீரென்று புரிந்தது. எவ்வளவு பெரிய கேக்! ஊரெல்லாம் முட்டாள்கள், தான் ஒருத்திதான் விவரம் என்று நடந்து வந்தவளுக்கு, ஊரே சொல்லாமல் வைத்திருந்த ஒரு சேதியை ஒரு பஸ் டிரைவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொல்லிவிட்டான்.

பிறகு கிளெண்டா தொண்டையைக் கனைத்தாள். அன்று ஒருமுறை வந்த வார்த்தை இரண்டாம் முறை கொஞ்சம் சுலபமாகவே வந்தது.

"ராய். என்கூட ஃபைலிக்கு வரியா? தயவு செஞ்சு."

ராய் கத்தியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான். அவள் எதிரில் உட்கார்ந்து, அவளை நேராகப் பார்த்து, நிஜமாகவே யோசித்தான்.

"கேட்டதுக்கு ரொம்ப நன்றி, கிளெண்டா," என்றான். "வேண்டாம்."